நொட்டை சொல்லும் இன்ஸ்ட்ரக்டரோடு நான்கு மணி நேரம்: சிமுலேட்டருக்குப் போகும் பைலட்டுக்கு

சிமுலேட்டரில் டேக்ஆஃப். வி1 (இதற்குப் பிறகு நிறுத்தக் கூடாது என்ற வேகம்) தாண்டியவுடன் ஒரு இன்ஜின் போகிறது. ரடரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் பலகை) மிதித்து, மூக்கைப் பன்னிரண்டரை டிகிரிக்குத் தூக்கி, நடுக்கோட்டை விடாமல் மேலே ஏற்றிவிட்டீர்கள். பின்னாலிருந்து இன்ஸ்ட்ரக்டரின் குரல்: "பாசிட்டிவ் கிளைம்ப்னு அவர் சொன்ன பிறகு நீங்க கியர் அப் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு, கவனிச்சீங்களா?" சரியாகச் செய்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை, சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொல்வதில் விட்ட இரண்டு வினாடி மட்டும் பட்டுவிட்டது. நிஜமான தப்புகள் இதற்குப் பிறகுதான் வரிசை கட்டி வரும். இன்ஜின் போனதால் வருவதில்லை, மனசு அந்த இரண்டு வினாடியிலேயே நின்றுபோவதால் வருகிறது.

ஆறு மாதத்துக்கொரு முறை பிபிசி (விமானியின் திறன் சோதனை), வருடத்துக்கொரு முறை ஐஆர் (கருவிகளைப் பார்த்து ஓட்டும் தகுதிக்கான சோதனை), நடுவில் பயிற்சி ஸ்லாட்டுகள் என்று சிமுலேட்டர் உங்களை விடப்போவதில்லை. எந்த இன்ஸ்ட்ரக்டர் வருவார் என்பது உங்கள் கையில் இல்லை. அவருக்கு நொட்டை சொல்ல எவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே உள்ள எண்கள் ஏ320 குடும்பத்துக்கானவை. ஏடிஆர், 737 ஓட்டுபவர்கள் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கம்பெனி கையேடு எங்கே வேறு சொல்கிறதோ, அங்கே கையேடுதான்.

மூன்று கூடை

இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் ஒவ்வொரு திருத்தத்தையும் மனசுக்குள் ஒரு கூடையில் போடப் பழகுங்கள். கூடை மூன்றுதான்.

முதல் கூடை, புத்தகத்தில் இருப்பது. எஃப்சிஓஎம் (விமானம் ஓட்டும் கையேடு), கியூஆர்எச் (அவசரக் கையேடு), கம்பெனி எஸ்ஓபி (செயல்முறை விதிகள்) ஆகியவற்றில் அச்சிட்ட சொல், அச்சிட்ட வரிசை. இதில் அவர் எவ்வளவு கறார் காட்டினாலும் அவர் பக்கம்தான் நியாயம். "இன்ஜின் மாஸ்டர் டூ, கன்ஃபர்ம்?" என்று பிஎம் (கண்காணிக்கும் விமானி) இன்ஜினை அணைக்கும் சுவிட்சில் கையை வைத்துக் கேட்கிறார். பிஎஃப் (ஓட்டும் விமானி) கண்ணைத் திருப்பாமலே "கன்ஃபர்ம்" என்கிறார். இன்ஸ்ட்ரக்டர் ஃப்ரீஸ் போட்டு (சிமுலேட்டரை அப்படியே நிறுத்தி) அரை மணி பாடம் எடுத்தாலும் அது நொட்டை இல்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் கிளம்பிய ஏடிஆர் 72-இல் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது, பைலட் அணைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றை. 43 பேர் இறந்தார்கள். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே 737-400 விழுந்ததும் இதே கதைதான், அங்கே 47 பேர். "கன்ஃபர்ம்" என்பது வாயால் சொல்லும் சடங்கு இல்லை. பிஎஃப் தலையைத் திருப்பி, கை எந்த சுவிட்சில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய சொல். த்ரஸ்ட் (உந்துவிசை) லீவர், இன்ஜின் மாஸ்டர், ஃபயர் புஷ்பட்டன் மூன்றுக்கும் இப்படித்தான்.

இரண்டாவது கூடை, அவருடைய கைப்பழக்கம். ரடர் டிரிம்மை (காலால் மிதிக்காமலே ரடரைப் பிடித்து வைக்கும் குமிழ்) எப்போது தொடுவது, சார்ட்டை எந்தப் பக்கம் வைப்பது, அப்ரோச் (இறங்க நெருங்குவது) பிரீஃபிங்கில் எதை முதலில் சொல்வது, ஃப்ளேரில் (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும்போது) கண்ணை எங்கே வைப்பது போன்றவை. புத்தகம் இவற்றில் வாய் திறப்பதில்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வழி விடுகிறது. இங்கே வாதாடுவது வீண். அன்றைக்கு அவர் சொன்னபடி செய்யுங்கள். சரியாகப் பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் விட்டுவிடுங்கள். நல்ல இன்ஸ்ட்ரக்டர் "இது என் டெக்னிக்" என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வார். மற்றவர்கள் எல்லாவற்றையும் வேதவாக்காகச் சொல்வார்கள். பிரித்தெடுப்பது உங்கள் வேலை.

மூன்றாவது கூடை, காலாவதியானது. மனிதர் பத்து வருடம் முன்னால் வேறு கம்பெனியில் கற்றதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) மீட்பு இதற்கு நல்ல உதாரணம். முன்பெல்லாம் உயரம் இழக்காமல் டோகா (முழு உந்துவிசை) போட்டு மீள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2010 வாக்கில் தொழில் முழுவதும் அது மாறி, முதலில் மூக்கை இறக்கி ஆங்கிள் ஆஃப் அட்டாக்கை (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) குறைப்பது, அடுத்து இறக்கைகளைச் சமமாக்குவது, பிறகு தேவைக்கேற்ப மெதுவாகத் த்ரஸ்ட் கூட்டுவது என்று ஆனது. தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் வரும் ஸ்டால் வார்னிங்குக்கு மட்டும் டோகாவும் 15 டிகிரியும். யாராவது பழைய பாடத்தைச் சொன்னால் சிமுலேட்டருக்குள் மறுக்க வேண்டாம். டிபிரீஃபிங்கில் பக்கத்தைத் திறந்து, "சார், இந்த ரிவிஷன்ல இப்படி இருக்கு, நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

அனுபவத்தில் பார்த்தால் திருத்தங்களில் பெரும்பகுதி முதல் கூடையில்தான் விழும், அதுவும் பேச்சில்: சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாதது, தாமதித்தது, மாற்றிச் சொன்னது. பறத்தலில் வரும் தப்பைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும். பேச்சில் வரும் தப்பைப் பத்து நாளில், நங்கநல்லூர் ஃபிளாட்டின் ஹாலில் உட்கார்ந்தே திருத்திவிடலாம். அதைக் கூடச் செய்யாமல் போய் உட்கார்ந்துவிட்டு, இன்ஸ்ட்ரக்டர் கொடுமைக்காரர் என்பதில் அர்த்தமில்லை.

பத்து நாள், ஒரு நாற்காலி, ஒரு போஸ்டர்

காக்பிட் போஸ்டரை உண்மை அளவுக்கு அருகில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஓவர்ஹெட் பேனலைக் கண் உயரத்துக்குச் சற்று மேலே, பெடஸ்டலைத் தொடை உயரத்தில். முன்னால் கைப்பிடி வைத்த நாற்காலி. காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடம். வாய் சத்தமாகப் பேச வேண்டும், கை நிஜமாக நகர வேண்டும். மனசுக்குள் படித்தால் சிமுலேட்டரில் மனசுக்குள்தான் வரும், வாயில் வராது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருபவர்கள் முணுமுணுக்கலாம். பக்கத்தில் இருப்பவர் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்து இடம் விடுவார்.

மெமரி ஐட்டங்களில் (புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டியவை) எண்கள்தான் சிக்கல். வேகமானி காட்டுவதை நம்ப முடியாமல் போகும்போது ஏபி (ஆட்டோபைலட்) ஆஃப், ஆட்டோத்ரஸ்ட் ஆஃப், ஃப்ளைட் டைரக்டர் (மூக்கை எங்கே வைப்பது என்று காட்டும் கோடுகள்) ஆஃப். த்ரஸ்ட் ரிடக்‌ஷன் உயரத்துக்கு (டேக்ஆஃப் சக்தியைக் குறைக்கும் உயரம்) கீழே மூக்கு 15 டிகிரி, டோகா. அதற்கு மேலே, 10,000 அடிக்குக் கீழே 10 டிகிரி, கிளைம்ப் (ஏறுவதற்கான சக்தி). 10,000 அடிக்கு மேலே 5 டிகிரி, கிளைம்ப். ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்) எப்படி இருக்கிறதோ அப்படியே, ஃபுல்லில் இருந்தால் மட்டும் 3-க்கு. ஸ்பீடுபிரேக் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, கியர் அப். 15, 10, 5 என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது எந்த உயரத்தில் எது என்பதில். ஆகவே எண்ணை உயரத்தோடு ஒட்டிப் படியுங்கள். நண்பர் "4,000 அடி" என்றால் "10 டிகிரி, கிளைம்ப்" என்று வாய் பதில் சொல்ல வேண்டும்.

ஃபயர் டிரில்லில் எல்லோரும் வாங்கும் திட்டு அவசரத்துக்காக. ஃபயர் புஷ்பட்டனை அழுத்திய பிறகு முதல் ஏஜென்ட்டுக்கு (நெருப்பணைப்பான்) 10 வினாடி காத்திருக்க வேண்டும். நெருப்பு அணையவில்லை என்றால் 30 வினாடி கழித்து இரண்டாவது. இந்த 10 வினாடி வீட்டில் நாற்காலியில் மிக நீளமாகத் தெரியும், சிமுலேட்டரில் மணி அடிக்கும்போது இரண்டு வினாடிபோலத் தெரியும். ஈகாமில் (கோளாறையும் செய்ய வேண்டியதையும் காட்டும் திரை) இறங்கும் எண்ணைப் பார்த்து அழுத்துங்கள், மனக்கணக்கில் அழுத்தாதீர்கள்.

எஃப்எம்ஏ (தானியங்கி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் வரி) கால்அவுட்தான் நொட்டைகளின் சுரங்கம். எஃப்எம்ஏ-வில் எது மாறினாலும் பிஎஃப் படிக்க வேண்டும், பிஎம் "செக்ட்" சொல்ல வேண்டும். டேக்ஆஃபில் லீவரை வைத்ததும் "மேன் ஃப்ளெக்ஸ்" என்று ஆரம்பித்து வெப்பநிலை, எஸ்ஆர்எஸ் (வேகத்தைப் பிடிக்க மூக்கை எங்கே வைப்பது என்று சொல்வது), ரன்வே, ஆட்டோத்ரஸ்ட் புளூ வரை. பிஎம் "ஒன் ஹண்ட்ரட் நாட்ஸ்" என்றதும் "செக்ட்". இந்தக் கடைசிச் சொல்லைத்தான் அதிகம் பேர் விழுங்குகிறார்கள். அது விழுந்தால், 100 நாட்டில் பிஎஃப் மயங்கிவிட்டாரா என்று பிஎம்முக்குத் தெரிய வழியில்லை. சொல் இருப்பதற்குக் காரணம் அதுதான். சென்னை–கோவை செக்டரில் நான்கு மாதம் வாயைத் திறக்காமல் பறந்துவிட்டு, சிமுலேட்டரில் மட்டும் திடீரென்று பேசினால் நடிப்பு என்று பளிச்செனத் தெரியும். லைனில் (தினசரி பயணிகள் விமானத்தில்) தினமும் சொல்லுங்கள், பத்து நாள் பயிற்சியில் பாதி மிச்சமாகும்.

கூட வரும் பார்ட்னரை முன்பே பிடித்து, ஒரு மாலை ஒன்றாக உட்காருங்கள். ஒருவர் பிஎஃப், ஒருவர் பிஎம், நடுவில் பில்டர் காபி. வி1 கட், இன்ஜின் ஃபயர், எமர்ஜென்சி டிசென்ட் (அவசர இறக்கம்), ஒற்றை இன்ஜின் கோஅரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது) நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை ஆளுக்கு மூன்று முறை பேசிப் பாருங்கள். யார் எங்கே இடறுகிறார் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். உள்ளே போன பிறகு ஒருவர் இடறும் இடத்தில் இன்னொருவர் எஸ்ஓபிக்கு உட்பட்டே தூக்கிவிட முடியும். நல்ல பிஎம் பாதி தேர்வு.

இரவு இரண்டு மணி ஸ்லாட்

சிமுலேட்டர் தூங்குவதில்லை. ஐதராபாத்தோ பெங்களூரோ குருகிராமோ, எங்கே போனாலும் ஒரு முறையாவது அதிகாலை 2 முதல் 6 வரை விழும். பிரீஃபிங் ஒரு மணிக்கு முன்பே ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து அன்று மாலை விமானத்தில் போய் நேராக உள்ளே நுழைவதைத் தவிருங்கள். மதியமே போய் அறையை இருட்டாக்கி, மாலை 5 முதல் 10 வரையாவது படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் படுங்கள். கிளம்பும் முன் இட்லி போதும். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு 2 மணி ஸ்லாட்டில் உட்கார்ந்தால் மூன்றரைக்கு ஈகாம் இரண்டாகத் தெரியும்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் மறப்பது இதைத்தான். மின்னணுப் பெட்டிகளுக்காக உள்ளே ஏசி உறையப் போட்டிருப்பார்கள். விரல் விறைத்தால் சைட்ஸ்டிக்கில் மென்மை போய்விடும். லைசென்ஸ், மெடிக்கல், பென்சில், வெறும் தாள் நாலு. அவ்வளவுதான்.

பிரீஃபிங்கில் கேட்க வேண்டியவை

இன்ஸ்ட்ரக்டரை எடைபோட உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் பிரீஃபிங். அவர் கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நீங்களும் மூன்று கேட்கலாம். "சார், ஃப்ரீஸ் பண்ணி அப்பப்போ சொல்வீங்களா, இல்ல எக்சர்சைஸ் முடிஞ்சு சொல்வீங்களா?" "ஏடிசி (கன்ட்ரோல் டவர்), கேபின் க்ரூ ரெண்டும் நீங்கதானே? பேசும்போது எப்படித் தெரிஞ்சுக்கறது?" "நாங்க ஃபாலோ பண்ற ரிவிஷன் இது. உங்ககிட்ட இருக்கறதும் இதேதானே சார்?" மூன்றாவதைச் சண்டைக்கு இழுப்பதுபோலக் கேட்கக் கூடாது. ஆனால் கேட்டாக வேண்டும். மூன்றாவது கூடைச் சண்டைகளில் பலதும் இங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி, எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் தேடுவேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அந்த வளையத்திலேயே உங்களை முக்கால் மணி நேரம் வைத்திருப்பார். தெரியாததை ஊகித்துச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் இவர்களுக்குப் பசி எடுக்கும்.

வி1 கட்: தப்பு எங்கே நடக்கிறது

உட்கார்ந்ததும் இருக்கையைச் சரி செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். முன்கண்ணாடி நடுத்தூணில் உள்ள சிவப்பு, வெள்ளைப் பந்துகளில் சிவப்பு வெள்ளையை மறைக்க வேண்டும், அதுதான் கண்ணுக்கான இடம். பிறகு முழு ரடரை மிதித்து, அதே காலால் முழு பிரேக்கும் எட்டுகிறதா, அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கால் நீட்டி விறைத்தபடி உட்கார்ந்தவர்கள் ரடரை அளந்து மிதிக்க முடியாமல் உதைப்பார்கள். கைப்பிடியின் பக்கவாட்டில் உயரத்துக்கான அளவுக் குறி இருக்கிறது. லைன் விமானத்தில் உங்களுக்குப் பொருந்தும் குறியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு இங்கும் அதையே வையுங்கள். இது எல்லாம் இரண்டு நிமிட வேலை. இதை விட்டுவிட்டு வரும் தடுமாற்றத்துக்கு இன்ஸ்ட்ரக்டர் வேறு பெயர் வைப்பார்.

இன்ஜின் போனதும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். வெளியே பார்த்து, இழுப்பு நிற்கும் அளவுக்கு எதிர்ப்பக்க ரடர். நின்றதும் கால் அங்கேயே இருக்கட்டும். முதல் தப்பு இங்கேதான்: கால் பம்பு அடிப்பதுபோல மிதித்து மிதித்து விடுவது. விமானம் பாம்புபோல நெளியும், அதைத் துரத்தி இன்னும் மிதிப்பீர்கள்.

ரொட்டேட் சொன்னதும் வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக, மூக்கை 12.5 டிகிரிக்கு. அவசரமாக இழுத்தால் வேகம் வி2-வுக்கு (ஒற்றை இன்ஜினில் பத்திரமாக ஏறும் வேகம்) கீழே சரியும், பிறகு எஸ்ஆர்எஸ் மூக்கை இறக்கச் சொல்லும், நீங்கள் பயத்தில் இறக்க மாட்டீர்கள். பயப்படாமல் எஸ்ஆர்எஸ் சொல்வதைச் செய்யுங்கள். தரையை விட்டதும் பீட்டா டார்கெட், பக்கச் சறுக்கலைக் காட்டும் அந்த நீலச் சிறு கட்டம், நடுவுக்கு வரும்படி ரடர். சைட்ஸ்டிக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டே பறந்தால் அந்தப் பக்கத்து ஸ்பாய்லர் எழும். ஒற்றை இன்ஜினில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஏற்றத்தையும் அது தின்னும். "ஏன் ஏற மாட்டேங்குது?" என்று அவர் கேட்கும்போது பதில் உங்கள் வலது அல்லது இடது மணிக்கட்டில் இருக்கும்.

பாசிட்டிவ் கிளைம்ப், கியர் அப். இதைத் தாமதமின்றிச் சொல்ல வழி, வேரியோவும் (ஏறும் வேகத்தைக் காட்டுவது) ரேடியோ உயரமும் ஏறுவதைப் பிஎம் சொல்லும் முன்பே நீங்களும் ஓரக்கண்ணால் பார்த்துவிடுவது. அவர் வாய் திறக்கும்போது உங்கள் வாயும் தயாராக இருக்கும். பிறகு ரடர் டிரிம். நாப் திருப்பினால் வினாடிக்கு சுமார் ஒரு டிகிரிதான் நகரும். எனவே திருப்பிப் பிடியுங்கள், காலில் பாரம் குறைவதை உணர்ந்து காலைத் தளர்த்துங்கள். பாதி டிரிம் செய்துவிட்டு ஏபி போட்டுக் காலை எடுத்தால் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கும். இன்ஸ்ட்ரக்டர் எழுதும் பேனா சத்தம் ஹெட்செட் தாண்டிக் கேட்கும்.

400 அடிக்கு முன் ஈகாமைத் தொடாதீர்கள். 400 அடி ஆனதும் தொட்டே தீர வேண்டும் என்றும் இல்லை. பாதை நிலைத்து, ஏபி போட்ட பிறகு "ஈகாம் ஆக்‌ஷன்ஸ்" என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அவசரப்படுத்தும் இன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அது அவர் வைக்கும் கண்ணி என்று எடுத்துக்கொள்ளுங்கள், பல சமயம் அப்படித்தான் இருக்கும். டோகாவை ஒற்றை இன்ஜினில் 10 நிமிடம் வரை வைத்திருக்கலாம். அந்த நேரம் உங்களுடையது.

ரீபொசிஷன் என்ற கண்ணி

இதை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் சிமுலேட்டரில் வரும் அசட்டுத் தப்புகளில் பாதி இங்கே பிறக்கிறது. எக்சர்சைஸ் முடிகிறது. இன்ஸ்ட்ரக்டர் ஒரு பட்டனைத் தட்டுகிறார். நொடியில் சென்னையின் 07 ஓடுபாதைக்கு நேராக 10 மைல் தூரத்தில், ஃபைனலில் இருக்கிறீர்கள். விமானம் இடம் மாறிவிட்டது, ஆனால் முந்தைய பறத்தலின் மிச்சம் காக்பிட்டில் கிடக்கிறது: போன இன்ஜினுக்காகத் திருப்பிய ரடர் டிரிம், வேறு இடத்தில் நிற்கும் த்ரஸ்ட் லீவர், பொருந்தாத ஃபிளாப் லீவர், பழைய கியூஎன்எச் (உயரமானிக்கான காற்றழுத்த எண்), எஃப்சியு-வில் (தானியங்கிக்கு உயரம், வேகம் கொடுக்கும் பலகை) பழைய உயரம். ஃப்ரீஸ் எடுத்ததும் விமானம் சாய்கிறது. "என்ன பண்றீங்க?" என்று குரல் வருகிறது.

ஃப்ரீஸ் எடுக்கும் முன், "ஒரு நிமிஷம் சார், செட்டப் பார்த்துக்கறோம்" என்று கேளுங்கள். யாரும் மறுப்பதில்லை. பெடஸ்டலின் கீழிருந்து மேலாக: ரடர் டிரிம் ஜீரோ, ஃபிளாப், ஸ்பீடுபிரேக், த்ரஸ்ட் லீவர், கியர், பிறகு கியூஎன்எச், எஃப்சியு, கடைசியில் எஃப்எம்ஏ-வைச் சத்தமாகப் படித்தல். இருவரும் "ரெடி" சொன்ன பிறகே ஃப்ரீஸ் எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிடத்தில் இன்னொரு லாபமும் உண்டு, முந்தைய எக்சர்சைஸின் எரிச்சலை இறக்கி வைக்க அதுதான் இடம்.

நடுவில் அவர் பேசும்போது

மோஷன் ஓடிக்கொண்டிருக்கையில் வாதம் கிடையாது. "சரி சார்" என்று இரண்டே சொல், கண் பிஎஃப்டி-யில் (வேகம், உயரம், சாய்வு காட்டும் முதன்மைத் திரை). விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் உயரம் 100 அடி போய்விடும். 100 அடி என்பது சும்மா சொல்லும் எண் இல்லை, ஐரோப்பியத் தேர்வு விதிகளிலும் உயரத்துக்குக் கூட்டியோ குறைத்தோ 100 அடி, ஹெட்டிங்குக்கு 5 டிகிரி, இன்ஜின் போன நிலையில் 10 டிகிரி என்றுதான் எல்லை. எல்லைக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். எல்லைக்குள்ளேயே "30 அடி கூட இருக்கீங்க" என்பவரிடம் "கரெக்டிங்" என்று சொல்லித் திருத்துங்கள். அந்தச் சொல் அவர் வாயை அடைக்கும், ஏனென்றால் விலகலைக் கவனித்துவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஒரு தப்பு நடந்த பிறகு அடுத்த நிமிடத்தில் இரண்டாவது வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். அப்போது ஏபி இருந்தால் போட்டுவிடுங்கள், பேச்சைப் பிஎம்மிடம் கொடுங்கள், "ஸ்டாண்ட்பை" என்று ஏடிசிக்குச் சொல்லுங்கள். ஏடிசி-யாக நடிப்பவரும் அவரே. இருந்தாலும் ஸ்டாண்ட்பை அவருக்கும் செல்லும்.

இறங்குவதும் இறங்காமல் போவதும்

சிமுலேட்டரில் லேண்டிங் நிஜம்போல இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டுவிடுங்கள். ஆறு கால்களில் நிற்கும் பெட்டி தொடர்ந்த வேக மாற்றத்தைக் காட்ட முடியாது, சாய்த்து ஏமாற்றுகிறது. திரையில் ஆழம் சரியாகத் தெரியாது. தரையில் ஓட்டிப்போய்த் திருப்பும்போது வயிறு புரட்டுவதும் இதனால்தான். மீனம்பாக்கத்தின் 3,658 மீட்டர் ஓடுபாதைக்குப் பழகிய கண், மங்களூரின் 2,450 மீட்டரைத் திரையில் பார்த்ததும் உயரத்தைத் தப்பாகக் கணிக்கும். கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள். மூன்று டிகிரி சரிவில் இறங்கும் வேகம் கிரவுண்ட் ஸ்பீடின் ஐந்து மடங்கு: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. சுமார் 30 அடியில் ஃப்ளேர், பார்வை ஓடுபாதையின் கடைக்கோடியில், 20 அடியில் "ரிடார்ட்" (லீவரைப் பின்னே இழுக்கச் சொல்லும் குரல்). "சிமுலேட்டர் சரியில்லை" என்பது உண்மையாகவே இருந்தாலும் வாயில் வர வேண்டாம், அவர் அதைத் தினமும் நான்கு முறை கேட்பவர்.

அப்ரோச்சில் பிஎம் பேச வேண்டிய எல்லைகள்: வேகம் விஅப்ரோச்சுக்கு (இறங்க வரும்போது வைத்திருக்க வேண்டிய வேகம்) 5 நாட் குறைந்தால் அல்லது 10 கூடினால் "ஸ்பீட்", இறங்கும் வேகம் 1,000 அடி தாண்டினால் "சிங்க் ரேட்", சாய்வு 7 டிகிரி தாண்டினால் "பேங்க்". கேப்டன் சீனியர் என்று பிஎம் வாயை மூடிக்கொண்டால், இன்ஸ்ட்ரக்டர் இருவர் தாளிலும் எழுதுவார், அதுவும் நியாயம்தான். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில் துணை விமானி கோஅரவுண்ட் போகச் சொன்னார், ஒரு முறை அல்ல மூன்று முறை. கேப்டன் இறங்கினார்.

கோஅரவுண்டில் நடக்கும் பெரிய தப்பு கையில் இருக்கிறது. லீவரை முன்னே தள்ளுவார்கள், ஆனால் டோகா டிடென்ட் (லீவர் விழுந்து நிற்கும் பள்ளம்) வரை போகாது. த்ரஸ்ட் கூடும், சத்தம் வரும், எஃப்எம்ஏ மட்டும் இன்னும் லோகலைசர், கிளைட்ஸ்லோப்பிலேயே (ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் நிலை) நிற்கும். ஃப்ளைட் டைரக்டர் ஓடுபாதையை நோக்கிக் கீழேயே இழுக்கும். டிடென்ட்டில் "டக்" என்று விழும்வரை தள்ளி, "கோஅரவுண்ட், ஃபிளாப்ஸ்" என்று சொல்லி, மேன் டோகா, எஸ்ஆர்எஸ் வந்ததா என்று படியுங்கள். படித்தால் மாட்டமாட்டீர்கள். எஃப்எம்ஏ பற்றி அவர் நச்சரிப்பதன் முழு அர்த்தமும் இந்த ஒரு இடத்தில் புரிந்துவிடும்.

விண்ட்ஷியர் (காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவது) பற்றிச் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசி கார்த்திகையில் வீட்டு மாடியிலேயே அடிக்கும். டோகா, எஸ்ஆர்எஸ்-ஐப் பின்தொடர், ஏபி போட்டிருந்தால் விட்டுவை, வெளியே வரும்வரை கியர், ஃபிளாப் எதையும் தொடாதே. கை தானாக "கியர் அப்" என்று போகும். அதைத்தான் அவர் காத்திருப்பார்.

டிபிரீஃபிங், அந்த ஃபாரம்

களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று குமுறுவது வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரே கேள்வி: "இது எங்க இருக்கு சார்? நான் படிச்சுக்கறேன்." குரலில் பணிவு இருக்க வேண்டும், கையில் பென்சில் இருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தால் பக்கம் சொல்வார், உங்களுக்கு லாபம். இல்லாவிட்டால் "அது என் பழக்கம்" என்பார், அதுவும் லாபம்.

கையெழுத்துப் போடும் முன் ஃபாரத்தை முழுக்கப் படியுங்கள். பொதுவாகக் கையெழுத்து என்பது "பார்த்தேன்" என்பதுதான், "ஒத்துக்கொண்டேன்" என்பதல்ல. உங்கள் ஃபாரத்தில் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பயிற்சி பெறுபவர் எழுத இடம் இருந்தால் அதை "நன்றி" என்று வீணாக்காமல், ஒரே வரியில் உண்மையை எழுதுங்கள். மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால் எந்த எக்சர்சைஸ், எந்தத் திறன், எந்த எல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "ஒட்டுமொத்தமா சரியில்ல" என்பது பதில் இல்லை.

நிஜமாகவே அநியாயம் நடந்தால், கத்தியிருந்தால், சாதி, ஊர், ஆங்கிலம் என்று பேசியிருந்தால், புத்தகத்துக்கு விரோதமாகத் தோற்கடித்திருந்தால், அன்றைக்குள்ளேயே தாளில் எழுதுங்கள்: நாள், ஸ்லாட், எக்சர்சைஸ், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் செய்தது, புத்தகப் பக்கம். பார்ட்னரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், பேசிவைத்து எழுத வேண்டாம். மறுநாள் தூங்கி எழுந்த பிறகு அதிலிருந்து உணர்ச்சியை எடுத்துவிட்டுப் பயிற்சிப் பிரிவின் தலைவருக்கு மெயில் அனுப்புங்கள். பத்து வரிக்குள். கேட்பது ஒன்று மட்டும்: வேறு இன்ஸ்ட்ரக்டரோடு அந்தப் பகுதியை மறுபடி செய்ய அனுமதி. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நாற்பது பேர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் அவர் போனில் இருக்கும்.

திரும்பி வரும் விமானத்தில், தூங்குவதற்கு முன், வெறும் தாளை எடுத்து மூன்று பத்தியாக மடியுங்கள். அன்று சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு பத்தியில் போடுங்கள். முதல் பத்தியில் விழுந்ததை நாளைக் காலை ஷிஃப்டிலேயே லைனில் ஆரம்பியுங்கள். மூன்றாவதில் ஏதாவது இருந்தால் பக்க எண்ணோடு பையில் வையுங்கள், அடுத்த ஸ்லாட்டிலும் அவரே வரலாம்.